“சும்மா விசாரிக்கத்தான்”

“சும்மா விசாரிக்கத்தான். ஒரு பத்து நிமிஷம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க.” தமிழ்நாட்டில் இந்த வாக்கியம் கேட்காத தெரு குறைவு. சொல்லும் காவலருக்கு அது அன்றாட வேலை. கூட நடப்பவருக்கோ, தான் இப்போது யார் என்பதே தெரியாது. சாட்சியா, சந்தேக நபரா, கைதியா? வாசலில் நிற்கும் மனைவியிடம் “எங்க கூட்டிட்டுப் போறாங்க?” என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், அவருக்கும் கிடைத்திருப்பது அந்த ஒரே சொல்தான்: விசாரணைக்கு.

புதிதாகத் தேர்வாகி வரும் காவலர்கள் சட்ட வகுப்பு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் தமிழ்ச் சொல்லையும் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். நிலையத்துக்குப் போன முதல் வாரமே போதாமல் போகிறது. காரணம், வலப்பக்கத்தில் ‘விசாரணை’ என்ற சொல் ஒருமுறை வருவதில்லை. ஆறேழு முறை வருகிறது. ஆங்கிலத்தில் வெவ்வேறு பெயரும் வெவ்வேறு பிரிவும் வெவ்வேறு அதிகார வரம்பும் கொண்ட வேலைகள், தமிழுக்கு வந்ததும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கின்றன. இதை மொழிபெயர்ப்புக் குறை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் சட்டம் போட்ட எல்லைக்கோடுகள் அழிவதும் அந்தச் சட்டைக்குள்தான்.

எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் மனு கொடுக்கிறார், சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) போட்டு இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவது மனு விசாரணை. புகாரில் குற்றம் இருக்கிறதா என்று முதல் தகவல் அறிக்கைக்கு முன்பே பார்ப்பது முதற்கட்ட விசாரணை. எஃப்.ஐ.ஆர். பதிந்தபின் சாட்சியம் திரட்டுவது புலன் விசாரணை. பிடிபட்டவரிடம் கேள்வி கேட்பதும் விசாரணை. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் நடத்தும் ஆர்.டி.ஓ. விசாரணை. நீதிமன்றத்தில் சாட்சிகள் கூண்டேறுவது வழக்கு விசாரணை. காவலர் மீதே குற்றச்சாட்டு வந்தால் துறை விசாரணை. அதற்கான விதியின் எண்ணைச் சொல்லி 3(பி) என்றால் நிலையத்தில் எல்லோருக்கும் புரியும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ்., இவற்றில் இரண்டுக்கு மட்டும் தெளிவான இலக்கணம் சொல்கிறது. சாட்சியம் திரட்டுவதற்காகப் போலீஸ் அதிகாரி செய்யும் எல்லா நடவடிக்கையும் புலன் விசாரணை. வழக்கின் இறுதி விசாரணை தவிர்த்து, மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ நடத்துவது விசாரணை. அந்த இலக்கணத்தின்படி பார்த்தால், வீட்டு வாசலில் நின்று “விசாரணைக்கு வாங்க” என்று கூப்பிடும் காவலர் தனக்கில்லாத ஒரு அதிகாரத்தின் பெயரைச் சொல்கிறார். அவருக்கு இருப்பது புலன் விசாரணை அதிகாரம். அதற்கு முதல் தகவல் அறிக்கை வேண்டும். குற்ற எண் வேண்டும்.

முதற்கட்ட விசாரணைக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. குறுகலான வழி. திருமணத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், காரணமின்றி மூன்று மாதத்துக்கு மேல் தாமதமான புகார் போன்றவற்றில் அதற்கு இடமுண்டு என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. பி.என்.எஸ்.எஸ். 173(3) இன்னொரு வகையைச் சேர்த்தது: மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. ஒருவரைப் பிடித்து வைக்கும் அதிகாரம் அதில் எள்ளளவும் இல்லை. இது விளங்காமல்தான் சி.எஸ்.ஆர். மட்டும் போட்டுவிட்டு ஆளை ராத்திரி முழுக்க பெஞ்சில் உட்கார வைக்கும் பழக்கம் நடக்கிறது.

2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோவிலின் காவலாளியான ஓர் இளைஞர், கோவிலுக்கு வந்தவரின் நகை காணாமல் போன புகாரில் போலீசாரால் அழைத்துச் செல்லப்பட்டார். உயிரோடு வீடு திரும்பவில்லை. ஐந்து காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த நாட்களில் செய்தித்தாள்களைப் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: அவர் ‘விசாரணைக்கு’ அழைத்துச் செல்லப்பட்டவர் என்றே எல்லோரும் எழுதினார்கள். வேறு சொல் யாருக்கும் கிடைக்கவில்லை.

கூப்பிடுவதற்கு இரண்டு காகிதம்

ஒருவரை நிலையத்துக்கு வரச் சொல்ல பி.என்.எஸ்.எஸ். இரண்டு வழி வைத்திருக்கிறது. இரண்டும் எழுத்தில்தான்.

முதலாவது 179. வழக்கின் விவரம் தெரிந்தவர் என்று கருதப்படும் சாட்சிக்கு. 15 வயதுக்குக் கீழுள்ள ஆண், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், எந்த வயதுப் பெண்ணும், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர், கடும் நோயில் இருப்பவர் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. அவர்களாகவே நிலையத்துக்கு வர விரும்பினால் வரலாம். பழைய சட்டத்தில் ஆணுக்கு மேல்வரம்பு 65, இப்போது 60. பழைய நோட்டை வைத்துப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தவறுகிறார்கள். தெரிந்தே இந்தத் தடையை மீறி ஒருவரை வரவழைக்கும் காவலர் மீது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பி.என்.எஸ்., 199-ஆம் பிரிவு பாயும். ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான கடுங்காவல். பாட்டியையோ அக்காவையோ “அவன் வர்ற வரைக்கும் இங்கேயே உக்காருங்க” என்று நிலையத்தில் வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த ஒரு பிரிவு சொல்லிவிடும்.

இரண்டாவது 35(3). குற்றம் செய்திருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் உள்ளவருக்கு, கைது தேவையில்லாத நிலையில் கொடுப்பது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ. அதன்படி வந்து ஒத்துழைப்பவரைக் கைது செய்யக் கூடாது. செய்துதான் ஆக வேண்டுமென்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு “கொடுத்தாச்சு” என்று எழுத முடியாது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் நேரமும் வாங்க வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் புதிய காவலர் தலையில்தான் விழும். நேரம் எழுத மறந்த நகல் பின்னால் எதற்கும் உதவாது.

நடைமுறையில் அதிகம் நடக்கும் கோளாறு, இரண்டையும் மாற்றிக் கொடுப்பது. சந்தேக நபரைச் சாட்சி என்று 179-இல் வரவழைத்து, வந்ததும் உட்கார வைத்து, மாலையில் கைது காட்டுவார்கள். கையில் இருக்கும் காகிதமே “நீ சாட்சி” என்று சொல்லும்போது, அன்று காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நடுவில் எந்தப் புதுத் தகவல் வந்து அவர் எதிரியானார் என்று பின்னால் வழக்கறிஞர் கேட்பார். வழக்கு நாட்குறிப்பில் பதில் இருக்காது.

‘எதிரி’ என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம்மூர் நிலையங்களிலும் நீதிமன்றத் தமிழிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர்: ஒன்றாவது எதிரி, இரண்டாவது எதிரி. வாதிக்கு எதிரே நிற்பவர் என்ற பொருளில் வந்த சொல். பகைவன் என்ற பொருள் அதில் சட்டப்படி கிடையாது. பத்தொன்பது வயதில், இருபது வயதில் சீருடை போடும் ஒருவருக்கு, நாள் முழுக்க எழுதும் அந்தச் சொல் எந்தப் பொருளில் மனதில் இறங்குகிறது என்பது கவலைக்குரிய விஷயம். பத்திரிகைகள் தாராளமாக எழுதும் ‘குற்றவாளி’ இதைவிட மோசம். தீர்ப்புக்கு முன் அந்தப் பெயருக்கு உரியவர் யாருமில்லை.

கைது எந்த நொடியில்?

மற்ற சொற்களை மறந்தாலும் பரவாயில்லை, இதை ஒரு காவலர் மறக்கக் கூடாது. கைது என்பது கைது குறிப்பாணையில் எழுதும் நேரம் என்றே பலர் பணிக்காலம் முழுக்க நினைத்துக்கொள்கிறார்கள். பி.என்.எஸ்.எஸ். 43(1) அப்படிச் சொல்லவில்லை. ஆளைத் தொட்டாலோ, அடைத்து வைத்தாலோ கைது. சொல்லாலோ செயலாலோ அவரே அடங்கி உடன்பட்டால் தொடக்கூடத் தேவையில்லை. விலங்கு, லாக்கப், எஃப்.ஐ.ஆர். நகல் எதையும் அந்தப் பிரிவு கேட்கவில்லை. எழுந்து போக அவருக்கு உரிமை இருந்ததா, போயிருந்தால் விட்டிருப்பார்களா என்பதுதான் உரைகல். செல்போனை வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டு, “ஐயா வர்றாரு, உக்காரு” என்று சொல்லி, வாசலில் பாரா (காவல் பணி) நிற்பவரிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனால், அந்த ஆள் அந்த நொடியிலிருந்து காவலில் இருக்கிறார். பெஞ்சுக்குக் கம்பி இல்லை என்பதால் எதுவும் மாறுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பைக் திருட்டு. புதன்கிழமை இரவு 7.10-க்கு இரண்டு காவலர்கள் டீக்கடையில் ஓர் இளைஞரைத் தோளில் கைபோட்டு பைக்கில் நடுவில் உட்கார வைக்கிறார்கள். 7.40-க்கு நிலையம். நிலையத்தின் அன்றாட நடப்பை எழுதும் பொது நாட்குறிப்பில் ஒரு வரியும் இல்லை. அன்றிரவே அவரோடு போய் ஒரு புதருக்குப் பின்னாலிருந்து வண்டியை எடுத்து வருகிறார்கள். வியாழன் மாலை 4 மணிக்கு எஃப்.ஐ.ஆர். மாலை 6 மணிக்கு “பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றவரை” கைது செய்ததாகக் குறிப்பாணை. வெள்ளி காலை 11 மணிக்கு மாஜிஸ்திரேட் முன் ஆஜர். காகிதத்தில் 17 மணி நேரம். உண்மையில் 39 மணி 50 நிமிடம்.

அரசியலமைப்பின் 22(2)-ஆம் கூறும் பி.என்.எஸ்.எஸ். 58-ஆம் பிரிவும் தருவது 24 மணி நேரம். கைதான இடத்திலிருந்து நீதிமன்றம் போகும் பயண நேரம் மட்டும் கழியும். ஞாயிறு கழியாது, பண்டிகை கழியாது. அதனால்தான் விடுமுறையில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே ஆளைக் கொண்டுபோகிறார்கள். மேலே சொன்ன இளைஞர் வியாழன் இரவு 7.10-க்கு மேல் அங்கே இருந்த ஒவ்வொரு நிமிடமும் சட்டவிரோதம். முறையற்ற அடைப்புக்கு பி.என்.எஸ். 127. வாக்குமூலம் வாங்க அடித்திருந்தால் 120. ஏழு ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை.

இதில் வழக்கே எப்படி உடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 23 அதைத் தடுக்கிறது. அதே பிரிவின் காப்புரை (விதிவிலக்கு வாசகம்) ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் இருக்கும்போது சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலில் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27. நம்மூர் திருட்டு வழக்குகள் பெரும்பாலும் இந்தக் காப்புரையின் தோளில்தான் நிற்கின்றன. இப்போது அந்த இளைஞரின் வழக்கை மறுபடி பாருங்கள். வண்டி புதன் இரவு கிடைத்தது. கைதோ வியாழன் மாலை. அதனால் பறிமுதல் மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவில்) வியாழன் இரவு 8 மணி என்று எழுதியாக வேண்டும். மகஜர் சாட்சியாகக் கிராம நிர்வாக அலுவலர் வியாழன் இரவு கையெழுத்துப் போடுகிறார். பார்த்திராத வண்டியைப் பார்த்ததாக. குறுக்கு விசாரணையில் “அந்த இடத்தில் தெருவிளக்கு உண்டா? வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?” என்ற இரண்டு கேள்விக்கு அவர் தாங்கமாட்டார். இன்று கைப்பற்றுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்தாக வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 சொல்கிறது. நடக்காத பறிமுதலைப் படம்பிடிக்க மறுபடி ஒருமுறை நடிக்க வேண்டும். உண்மையான நேரத்தை எழுதியிருந்தால், தோளில் கைபோட்ட அந்த நொடியே காவலின் தொடக்கம், கண்டெடுப்பும் செல்லும், வழக்கும் நிற்கும். நேரத்தை மாற்றியதால்தான் திருடியவரும் தப்புகிறார், ஒருவேளை திருடாதவரும் நொறுங்குகிறார்.

நேரம் மாற்றப்பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு காலத்தில் வீட்டார் ஓடிப்போய் எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் தந்தி கொடுப்பார்கள். “என் மகனை நேற்று இரவு முதல் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள்” என்று ஒரு வரி. அந்தத் தந்தி ரசீதில் உள்ள தேதியும் நேரமும் பின்னால் நீதிமன்றத்தில் பேசும். 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது. அதன் வேலையை இப்போது 100-க்குப் போன அழைப்பும், செல்போன் கோபுரப் பதிவும், டீக்கடை கேமராவும் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல் நிலையத்துக்குள்ளேயே இருக்கும் கேமரா: 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில் தொடங்கி லாக்கப் வரை ஒலியோடு பதியும் கேமரா வேண்டும் என்றது.

கைது சரியாக நடந்தால் வரிசை இப்படி (அடைப்புக்குறிக்குள் பி.என்.எஸ்.எஸ். பிரிவு எண்). பெயர் தெளிவாகத் தெரியும் பட்டை நெஞ்சில் இருக்க வேண்டும். குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்து, கைதானவர் கையெழுத்து (36). கைதின் காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் (47). வீட்டாருக்கோ நண்பருக்கோ, எங்கே வைத்திருக்கிறோம் என்பதோடு தகவல் (48). மருத்துவப் பரிசோதனை (53). 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பாதைதான் பெரும்பாலும் இங்கே சட்டமாகியிருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால், ஏன் கைது தேவைப்பட்டது என்ற காரணமும் எழுத்தில் வேண்டும். “புலன் விசாரணைக்குத் தேவை” என்று எல்லா வழக்கிலும் ஒரே வரியை ஒட்டுவது காரணமாகாது. பெண் என்றால், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கைது கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை தந்து மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

இன்னும் இரண்டு சொற்கள்

‘வாக்குமூலம்’ விசாரணைக்குத் தம்பி. சாட்சி போலீசிடம் சொல்வது, எதிரி ஒப்புக்கொள்வது, மாஜிஸ்திரேட்டிடம் சொல்வது, சாகும் தறுவாயில் சொல்வது, எல்லாம் வாக்குமூலம். பி.என்.எஸ்.எஸ். 180-இல் போலீஸ் பதியும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181 சொல்கிறது. “சொன்னதை எழுதியிருக்கோம், கையெழுத்துப் போடுங்க” என்று பேனாவை நீட்டும் புதியவர் சட்டத்தை மீறுகிறார் என்பது அவருக்கே தெரியாது. 183-இல் மாஜிஸ்திரேட் ஒப்புதலைப் பதியும்போது, சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படும் என்று எச்சரித்த பிறகே பதிவார்; அதில் கையெழுத்து கட்டாயம்.

‘காவல்’ இன்னொன்று. துறையின் பெயரும் அதுவே, அடைப்பின் பெயரும் அதுவே. ‘நீதிமன்றக் காவல்’ என்றால் நீதிமன்றத்தில் வைத்திருப்பார்கள் என்று நினைத்து வீட்டார் சாப்பாட்டுப் பையோடு கோர்ட் வாசலில் நிற்பது உண்டு. கிளைச் சிறைக்குப் போங்கள் என்று சொல்ல வழிக்காவல் காவலருக்கு அரை நிமிடம் ஆகும். போலீஸ் காவல் மொத்தமே 15 நாள். முன்பு முதல் 15 நாளுக்குள்ளேயே கேட்டாக வேண்டும். இப்போது பி.என்.எஸ்.எஸ். 187-இன்படி, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துக் கேட்கலாம். 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் ஜாமீன் கேட்பது எதிரியின் உரிமை.

பாராவில் நிற்கும் புதியவருக்கு அதிகாரம் குறைவு. யாரை அழைத்து வருவது என்று முடிவு செய்பவர் அவரல்லர். ஆனால் வாசலைத் தாண்டும் ஒவ்வொருவரையும் முதலில் பார்ப்பவர் அவர்தான்; நாளை சாட்சிக் கூண்டில் “எத்தனை மணிக்கு வந்தார்?” என்று கேட்கப்படுபவரும் அவர்தான். ‘விசாரணைக்காக ஒருவர்’ என்று எழுதுவதற்குப் பதில் பொது நாட்குறிப்பில் போக வேண்டிய வரி இது: “இரவு 7.40 மணி. குற்ற எண் இன்னது, பிரிவு இன்னது. இன்னாரின் மகன் இன்னார், வயது 23, இரவு 7.10 மணிக்கு இன்ன தெரு டீக்கடை முன்பு பி.என்.எஸ்.எஸ். 35(1)(பி)-இன் கீழ் கைது செய்யப்பட்டு, இரண்டாம் நிலைக் காவலர்கள் இருவரால் நிலையம் கொண்டுவரப்பட்டார். உடலில் காயம் இல்லை. கைதின் காரணம் சொல்லப்பட்டது. தாயாருக்கு இரவு 7.50 மணிக்குத் தொலைபேசியில் தகவல் தரப்பட்டது.” குற்ற எண்ணும் பிரிவும் நிரப்ப முடியவில்லை என்றால், அந்த ஆளை உட்கார வைக்க நிலையத்துக்கு அதிகாரம் இல்லை, அவரிடம் செல்போனைத் திருப்பிக் கொடுத்து, எத்தனை மணிக்குப் போனார் என்பதை அடுத்த வரியில் எழுத வேண்டும்.